ஓதம் ஏறும் சுவர்

“சுவர் மூச்சு விடுகிறது” என்று பழைய கொத்தனார்கள் சொல்வதுண்டு. கேட்ட அளவில் இதனைப் பேய்க்கதையென்று தள்ளிவிடுதல் எளிது. தள்ளுதற்கு முன் ஆராய்தல் நம் கடமையன்றோ? பழையது என்பதற்காக ஒன்றை வணங்குதல் அறிவன்று. பழையது என்பதற்காகவே ஒன்றை இடித்துத் தள்ளுதலும் அறிவன்று. பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்துச் சூலியா தெருவையும் அதன் குறுக்குச் சந்துகளையும் அடுத்து நிற்கும் பழைய கடைவீடுகளின் சுவர்கள் இவ்வாராய்ச்சிக்குத் தக்க இடமாகும்.

அச்சுவர்கள் மென்செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழும்பியவை. அடிப்பகுதியில் ஈரந்தடுக்கும் படலம் எதுவும் இல்லை. நிலமோ கடலோரத்துத் தாழ்ந்த நிலம்; ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இதனையே நம்மவர் ஓதம் என்பர். ஏறிய நீர் எவ்வழியேனும் வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளை மிக்கதாகலின், ஈரம் அதனூடே கசிந்து காற்றிற் கலக்கிறது. கொத்தனார் சொல்லும் மூச்சு இதுவே. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

யான் குடியிருக்கும் வீடு அத்தகைய சந்து ஒன்றில் உள்ளது. எனக்கு முன் அங்கிருந்தோர், கீழ்த்தளத்துப் பூச்சு உதிர்வதைக் கண்டு, இடுப்பளவு உயரத்திற்குச் சிமெண்டுச் சாந்தைத் தடிப்பாக அப்பியிருந்தனர். சிமெண்டு வலிமையுடையது, யார் மறுப்பர்? ஆனால் அவ்வலிமையே இங்குத் தீங்காயிற்று. வெளியேற வழியற்ற ஈரம் சிமெண்டின் விளிம்பையும் தாண்டி மேலேறி, ஆள் உயரத்தில் கறையாய்ப் படிந்தது. ஈரத்தோடு வந்த உப்பு, நீர் உலருமிடத்தில் படிகமாய்ப் பூத்து, செங்கல்லின் முகத்தையே பொடியாக்கிற்று. சாந்தைக் கொத்தி எடுத்தபோது பின்னிருந்த செங்கல் விரல் பட்ட இடமெல்லாம் மாவாய் உதிர்ந்தது. நோயை மறைக்கும் மருந்து நோயினும் கொடிது என்பதை அன்று கண்ணாற் கண்டேன்.

பழுது பார்க்க வந்தவர் முதியவர் ஒருவர். இளமையில் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கீழ்த்தளத்துச் சுவரை மாதக்கணக்கில் வெறுஞ்சுவராகவே விட்டு உலர்த்தச் சொன்னார். பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை மூன்று அடுக்காகப் பூசினார். ஓர் அடுக்கு இறுகிய பின்னரே அடுத்தது; வெயிலில் விரைந்து காயாதிருக்க ஈரச்சாக்கு மறைப்பு. சுட்ட சுண்ணாம்பு நீரை உண்டு நீறாகிறது. நீறு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மீண்டும் கல்லாகிறது. இதற்கு நாட்களும் வாரங்களும் மாதங்களும் வேண்டும். பொறுமையற்றவன் சுண்ணாம்பைத் தொடலாகாது.

மாடியின் நிலை வேறு. அங்கே ஓதம் எட்டுவதில்லை, கூரையும் ஒழுகவில்லை. செல்லரித்த பலகைத் தடுப்பை நீக்கிவிட்டு ஜிப்சம் அட்டைப்பலகை வைக்க முடிவாயிற்று. இருபுறமும் தடித்த காகிதம் ஒட்டிய இப்பலகைக்கு முன்னோடியான ஒன்றுக்கு, அகஸ்டின் சாக்கெட் என்னும் அமெரிக்கர் 1894-ல் காப்புரிமை பெற்றார். புதுப்பலகை ஒருபக்கம், ஒட்டுப்போட்ட பழஞ்சுவர் மறுபக்கம். இரண்டையும் ஒரே முகமாகக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள மென்பூச்சு ஒன்றை இரண்டின்மீதும் இழுத்துவிட்டால் போதும் என்று யாரும் எண்ணுவர். முதியவரோ சுவரை விரலால் தட்டிக்கொண்டே நெடுநேரம் நடந்தார். பொள்ளலாக ஒலித்த இடங்களைக் கரியால் வட்டமிட்டார். பின்னர்ச் சொன்னார்: “ஐயா, இந்த ஒரு சுவரில் நாலு தாகம் இருக்கிறது. நாலுக்கும் ஒரே அளவு தண்ணீர் காட்டினால் ஆகுமா?”

எவ்வளவு பெரிய உண்மை! பழைய சுண்ணாம்பு நீரை வெகுவாய் உறிஞ்சும். புதிதாக அடைத்த ஒட்டு வேறு விதமாய் உறிஞ்சும். எண்ணெய் வண்ணம் தீட்டிய பகுதி நீரை ஏற்கவே ஏற்காது. பலகையின் காகிதமோ தனக்கென ஓர் அளவு வைத்திருக்கும். மென்பூச்சிலுள்ள நீரை அடிச்சுவர் முன்னரே குடித்துவிட்டால் பூச்சு இறுகாமல் மாவாய்ப் போகும். குடிக்காவிட்டால் ஒட்டாமல் உரிந்து விழும். ஆகவே பொள்ளலைக் கொத்தி நீக்கி, வண்ணத்தின் பளபளப்பைச் சுரண்டி, சுவர் முழுதும் பற்றுப்பசை தடவி, பலகைகளின் இணைப்பிலும் பழஞ்சுவரோடு சேரும் விளிம்பிலும் கண்ணாடி நூல் வலைப்பட்டை ஒட்டி, அதன் பின்னரே கரணையைக் கையிலெடுத்தார். ஆயத்தத்திற்கு நான்கு நாள். பூச்சுக்கு ஒருநாட் காலை.

ஜிப்சம் காற்றுக்குக் காத்திராது. சுட்டபோது இழந்த நீரைத் திரும்பப் பெற்றதும், ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே இறுகத் தொடங்கிவிடும். முதற்பூச்சு இழுத்து, அது பிடித்துக்கொண்டவுடன் இரண்டாவது இழுத்து, இறுகுந் தறுவாயில் நீர் தெளித்து எஃகுக் கரணையால் அழுத்தி மெருகேற்றினார். எழுபதை நெருங்கிய தோள் அது. கீழே பிடித்த பாடம் மேலே செல்லாது, மேலே பிடித்த பாடம் கீழே செல்லாது என்பதும் அவர் கூறியதே. ஜிப்சம் நீரிற் சிறிது கரையும் இயல்பினது; ஈரச்சுவரில் அதன் காகிதம் பூஞ்சணத்திற்கு விருந்தாகும். கீழ்த்தளத்திலும் பலகையை ஆணியடித்து மறைத்துவிடலாமே என்று அறிவுரை கூறிய நண்பர் ஒருவரை இவ்விடத்தில் அன்போடு நினைத்துக்கொள்கிறேன்.

“சென்னைச் சுண்ணம்” என்று ஒரு காலத்தில் வெள்ளையரும் வியந்து பேசிய பூச்சு நம் நாட்டுக் கைத்தொழில். கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஒளிரச் செய்வர். சிங்கப்பூரில் 1856-ல் கடைக்கால் இடப்பட்ட புனித அந்திரேயர் தேவாலயத்தின் உட்சுவர்கள் இவ்வாறு பூசப்பட்டவை. பூசியவர் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். பினாங்கின் சாலைகளிலும் அத்தகையோரின் வியர்வை உண்டு. கட்டடத்தை வரைந்த அதிகாரியின் பெயரை நூல்கள் சொல்கின்றன. கரணை பிடித்தவர் பெயரை எக்கல்லிலும் காணோம். தாய்நாட்டிலோ கோயிற் சுவருக்குச் சுண்ணாம்பு சுட்டவருள் பலர் அக்கோயிலுக்குள் கால் வைக்கத் தகாதவராய் நிறுத்தப்பட்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு அவர்களுக்குத் திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவர் தூயது, அதைப் பூசிய கை தீட்டு! இந்த நியாயத்தை எந்தச் சாந்து கொண்டு பூசுவது?

ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008-ல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிற்று. லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சீயின் மாளிகை, அவுரி கலந்த நீலச் சுண்ணாம்பு மேனியோடு பழுது நீக்கப்பட்டு, அதற்கு முன்பே, 2000-ல், யுனெஸ்கோ விருது பெற்றது. பழஞ்சுவருக்கு மதிப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அதே 2000-ஆம் ஆண்டில்தான் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாய்க் குறைந்த வாடகையில் குடியிருந்த குடும்பங்கள் பல நகரை விட்டு நகர்ந்தன. சலவைக்காரரும் மாவரைப்பவரும் தையற்காரரும் போன வீடுகளில் இன்று பயணிகள் விடுதி நடக்கிறது. சுவருக்கு மூச்சு விட வழி செய்தோம், சுவருக்குள் வாழ்ந்தவர்க்கு?

முதியவரின் மகன் சரக்குந்து ஓட்டுகிறான். “கரணை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கலாமே” என்றேன். “சொல்லிக் கொடுத்தேன் ஐயா. சுண்ணாம்புக்கு மூன்று மாதம் காத்திருக்க ஆள் உண்டு. அந்த மூன்று மாதத்திற்கும் கூலி கொடுக்க ஆள் இல்லை” என்றார். யான் மறுமொழி கூறவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது.

பூச்சு முடிந்த ஏழாம் மாதம் கீழ்த்தளத்துச் சுவரில் வெள்ளையாய் உப்பு பூத்தது. அஞ்ச வேண்டாம், உள்ளிருப்பது வெளியே வருகிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுகிறேன். முதற்கண் வாரந்தோறும் ஒரு முறம் வந்தது. இப்போது கைப்பிடியளவுதான் வருகிறது.