ரேவதி எடுத்த படங்கள்



போன வாரம் டிவியில் 'மௌன ராகம்' ஓடியது. கூடவே உட்கார்ந்து பார்த்த தம்பி மகள், "இவங்க இப்ப என்ன அத்தை பண்றாங்க?" என்று கேட்டாள். நடிக்கிறார், படங்களும் இயக்கியிருக்கிறார் என்றேன். "டைரக்டரா!" என்று ஆச்சரியப்பட்டாள். உங்களிலும் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1983இல் பாரதிராஜாவின் 'மண்வாசனை'யில் அறிமுகமானவர் ரேவதி. அடுத்த ஆண்டே 'கை கொடுக்கும் கை'யில் பார்வையற்ற மனைவி. 1986இல் 'மௌன ராகம்'. 1992இல் வந்த 'தேவர் மகன்' அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தாலே போதும், பெயர் நிலைத்திருக்கும்.

ஆனால் 2002இல் 'மித்ர், மை ஃப்ரண்ட்' படத்தை இயக்கினார். பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் படம். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா போகும் லட்சுமியாக ஷோபனா நடித்தார். வருடங்கள் ஓடுகின்றன. கணவருக்கு வேலை, மகளுக்கு அவள் உலகம். லட்சுமிக்கு மட்டும் பேச ஆளில்லை. கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஒரு நண்பர் கிடைக்கிறார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

'மௌன ராக'த்தில் பிடிக்காத கல்யாணத்தோடு டெல்லி போன பெண், கடைசியில் கணவரோடு சேர்ந்துவிடுவாள். நாமும் நிம்மதியாக எழுந்து வந்துவிடுவோம். அந்த மாதிரிப் பெண் பதினைந்து, இருபது வருஷம் கழித்து எப்படி இருப்பாள் என்று யார் கேட்டார்கள்? ரேவதி கேட்டார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொன்றும் செய்தார். படத்தின் முக்கியப் பொறுப்புகளைப் பெண்களிடமே கொடுத்தார். ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி. திரைக்கதையில் பங்கெடுத்த சுதா கொங்கராதான் பின்னாளில் 'இறுதிச்சுற்று', 'சூரரைப் போற்று' படங்களை இயக்கினார். மித்ருக்குச் சிறந்த ஆங்கிலப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது. ஷோபனாவுக்கும் பீனா பாலுக்கும்கூட தேசிய விருதுகள்.

2004இல் இந்தியில் 'ஃபிர் மிலேங்கே'. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலையை விட்டு நீக்கப்படும் பெண், கோர்ட்டுக்குப் போய் நியாயம் கேட்கும் கதை. அந்த நோயின் பெயரைச் சொல்லவே நாம் தயங்கிய காலம் அது. பிறகு 2022இல் 'சலாம் வெங்கி'. தசைகள் நலிந்துகொண்டே போகும் மகன், தன் உறுப்புகள் பிறருக்குப் பயன்படும்போதே விடைபெற வேண்டும் என்கிறான். அதற்காக அலைகிற தாயாக கஜோல். உண்மைச் சம்பவத்தைத் தழுவிய படம்.

இந்த இரண்டு முழுநீளப் படங்களுக்கும் நடுவே 18 வருடங்கள்! இடையில் குறும்படங்கள் எடுத்தார், நடித்துக்கொண்டும் இருந்தார். 'பூதகாலம்' மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது வாங்கியதும் 2022இல்தான். எண்ணிக்கையைப் பார்த்தால் இயக்கிய படங்கள் குறைவு. எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் படித்த பெண்கள் சிலர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். போனில், "என்னம்மா செய்றே?" என்றால், "சும்மாதான் இருக்கேன் டீச்சர்" என்பார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள்! சமையல், பிள்ளைகள் படிப்பு, மாமியார் மருந்து என்று நாள் முழுக்க ஓடுகிறவளுக்கு 'சும்மா' என்று யார் பெயர் வைத்தது? அதை முதலில் அழித்துவிடுங்கள், கண்ணுகளா. விட்ட வேலையோ படிப்போ இருந்தால், ஐந்து வருஷமானாலும் பத்து வருஷமானாலும் திரும்ப எடுங்கள். இடைவெளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆண் பிள்ளைகளே, நீங்கள் மித்ர் படத்தை வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பாருங்கள். போனை மட்டும் தள்ளி வையுங்கள்.

பார்த்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்