கழுகுகள் வராத நண்பகல்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், ஏறத்தாழப் பாதித் தொலைவில் அமைந்துள்ளது திருக்கழுக்குன்றம். நான்கு வேதங்களே மலையாகி நிற்க, அதன் உச்சியில் வேதகிரீசுவரர் எழுந்தருளியுள்ளார் என்பது தலபுராணம். சமயக் குரவர் நால்வராலும் பாடப்பெற்ற தலம் இது.

ஆயினும், குழந்தைகளுடன் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிவரும் குடும்பத்தார் பலர், நண்பகலில் முதலில் நோக்குவது வானத்தையே. காசியில் நீராடி, இங்கு அமுதுண்டு, இராமேசுவரத்தில் அடையும் இரு கழுகுகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். பேரனுக்கு அவற்றைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்த பாட்டி, வெறும் பாறையைக் கண்டு வாயடைத்து நிற்கிறார். "ஏன் வரவில்லை?" என்று பேரன் கேட்கிறான்.

பாட்டி சொன்னது பொய்யன்று. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரு பறவைகள் நண்பகலில் வந்து, பாறையின்மேல் இட்ட சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றதை, பல தலைமுறையினர் நேரிற் கண்டுள்ளனர். 1990களின் இறுதியில் அவ்வரவு நின்றது.

காலம் கெட்டதால் வரவில்லை என்று கூறி முடித்துவிடுவது எளிது. அதே ஆண்டுகளில் நாடெங்கும் பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கால்நடைகளின் வலியைப் போக்க அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் உடலைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கியது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. ஒரு கையால் அமுதிட்ட நாமே, அறியாமல் மறு கையால் நஞ்சும் இட்டோம். பேரனிடம் இவ்வுண்மையையும் சொல்வதே முறை.

மலையிலிருந்து இறங்கினால், தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும் அருள்புரிகின்றனர். அருகிலுள்ள சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஊரார் காத்திருக்கின்றனர். காத்திருப்பது இத்தலத்துக்குப் புதிதன்று.

நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் சில வாழ்கின்றன. அவை பிழைத்திருக்க வேண்டும் என்று வேதகிரீசுவரர் சந்நிதியில் ஒரு குழந்தை வேண்டிக்கொள்ளுமானால், அந்தப் படியேற்றம் வீணாகாது.