எந்த லோஞ்ச், மகள்?

சென்ற வருடம் எங்கள் வகுப்பு மாணவிகள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை தயாரித்தோம். வெளியீட்டுக்கு முதல்நாள் இரவு பர்தாவை அயன் செய்துகொண்டே, "நாளைக்கு எங்கட லோஞ்ச், உம்மம்மா. துஆச் செய்யுங்க" என்றேன்.

உம்மம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த லோஞ்ச், மகள்? மூதூருக்கா? இப்பதான் பாலமெல்லாம் போட்டாச்சே. ஏன் லோஞ்சில போறீங்க?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உம்மம்மா பிழையாக எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

உம்மம்மா மூதூரில் பிறந்தவர். அவருடைய இளமைக் காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழியாகப் போவதென்றால் பல துறைகளில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாலமே 2009ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆகவே சனங்கள் கொட்டியாரக்குடாவைக் கடக்க இயந்திரப் படகில் ஏறினார்கள். அந்தப் படகின் பெயர்தான் லோஞ்ச். அது அவருக்கு ஆங்கிலச் சொல்லே அல்ல. அரிசி, மீன் போல ஊர்ச் சொல்.

கண்டியில் வளரும் எனக்கோ லோஞ்ச் என்றால் வேறு. புதிய கைபேசிக்கு லோஞ்ச், கடைக்கு லோஞ்ச், செயலிக்கு லோஞ்ச், புத்தகத்துக்கு லோஞ்ச். மேடை, பூச்செண்டு, கேக், புகைப்படம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும்.

இந்த இரண்டும் ஒரே சொல்தானா என்று அகராதியைப் பார்த்தேன். எழுத்து ஒன்றாக இருந்தாலும் வேர் வேறு. 'தொடக்கி வை', 'செலுத்து' என்ற பொருளில் வரும் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஈட்டியை எறிவதே அதன் முதற்பொருள். படகைக் குறிக்கும் சொல் போர்த்துக்கேய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் அது விரைவைக் குறிக்கும் ஒரு மலாய்ச் சொல்லாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். கண்டியில் மலாய்க் குடும்பங்களோடு அயலவராக வாழும் எங்களுக்கு அது தூரத்து மொழியல்ல. இன்றைக்கும் மலாய் மொழியில் தங்குதடையின்றி ஓதுவதை 'லன்சார்' என்பார்கள். ஒரு திட்டத்தைத் தொடக்கி வைப்பதற்கும் அதே அடியிலிருந்து பிறந்த சொல்லையே பயன்படுத்துவார்கள்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? நூலை வெளியிடுகிறோம். ஏவுகணையை ஏவுகிறோம். புதுக் கப்பலை வெள்ளோட்டம் விடுகிறோம். திட்டத்தை ஆரம்பித்து வைக்கிறோம். சங்கத்தை அங்குரார்ப்பணம் செய்கிறோம். அங்குரம் என்றால் முளை. ஆங்கிலத்தில் ஒரு சொல் செய்யும் வேலையைத் தமிழில் ஐந்தாறு சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது. அது 'விடு'. பட்டம் விடுகிறோம். தூது விடுகிறோம். பிள்ளையைப் பாடசாலையில் விடுகிறோம். மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விடுகிறோம்.

சிறு வயதில் கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் நானும் ஒரு காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு சேர்கிறது. உம்மம்மாவின் லோஞ்ச் ஓடியதும் அதே குடாவில்தான். "இது மூதூருக்குப் போகுமா வாப்பா?" என்று கேட்டேன். "முதல்ல பொல்கொல்ல அணைக்கட்டைத் தாண்டட்டும்" என்றார் வாப்பா. எப்படியும் கப்பல் போக வேண்டுமானால் நான் கையை எடுக்க வேண்டும். விடு என்ற சொல்லில் அனுப்புவதும் இருக்கிறது, பிடியைத் தளர்த்துவதும் இருக்கிறது.

அறபு மொழியிலும் இப்படித்தான். தொடக்கி வைப்பதையும் விண்ணில் ஏவுவதையும் 'இத்லாக்' என்பார்கள். கட்டவிழ்ப்பது என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. தலாக் என்ற சொல்லும் அதே வேர்தான். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் மன்னித்து விடுவித்த மக்காவாசிகளுக்கு வரலாற்றில் வழங்கும் 'துலகா' என்ற பெயரும் அந்த வேர்தான்.

நமது நாட்டின் முதலாவது செய்மதியான ராவணா-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய இரண்டு இளம் பொறியியலாளர்களில் ஒருவர் பெண். 2019 ஏப்ரலில் அது அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அது சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் அங்கே காத்திருந்தது. ஜூன் மாதத்தில் நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்ட பிறகுதான் தன் பாதையில் பூமியைச் சுற்றத் தொடங்கியது.

எங்கள் சஞ்சிகைக்கு வருகிறேன். லோஞ்ச் சிறப்பாகவே நடந்தது. ரிப்பன் வெட்டினோம், கேக் வெட்டினோம், நூறு புகைப்படம் எடுத்தோம். இரண்டாவது இதழ் வரவேயில்லை. முதல் இதழின் ஒரே பிரதியைக்கூட யாருக்கும் வாசிக்கக் கொடுக்கவில்லை. அழுக்காகிவிடும் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். வெளியிட்டோம் என்று சொன்னோமே தவிர, வெளியே விடவில்லை.

அந்த வெட்கத்தோடுதான் எங்கள் ஊர் சித்திலெப்பை அவர்களைப் பற்றி மீண்டும் வாசித்தேன். 1838இல் கண்டியில் பிறந்த அந்தச் சட்டத்தரணி, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகைக்கு முதல் இதழ் மட்டும் போதாது. இதழுக்குப் பின் இதழாக எழுத வேண்டும், அச்சிட வேண்டும், தபாலில் அனுப்ப வேண்டும். 1890களின் தொடக்கத்தில் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையைத் திறந்து, தம் சகோதரியையே அதற்குப் பொறுப்பாக்கினார். கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில் பிள்ளைகள் வர வேண்டுமே! பெண்பிள்ளைகளின் படிப்பு வீட்டோடு நின்றுவிட்ட காலம் அது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாப்பா மனம்வைத்து மகளை விட வேண்டியிருந்தது. அந்த வாப்பாமாரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் வீட்டிலும் இந்த வருடம் அப்படியொரு நாள் வந்தது. ராத்தாவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்தது. உயர்தரப் பெறுபேறு வந்த அன்று எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்த வாப்பா, இப்போது இரண்டு கிழமையாக "பார்ப்பம்" என்ற ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தார். "பேராதனை கிடைச்சிருந்தா வீட்டிலிருந்தே போய் வந்திருக்கலாமே" என்றார். ராத்தா எதுவும் பேசவில்லை. பதிவுக்கான கடைசித் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இஷாவுக்குப் பிறகு உம்மம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"மகன், நான் தையல் படிக்கத் திருகோணமலைக்குப் போகக்குள்ள எங்கட வாப்பாதான் என்னை லோஞ்சில ஏத்திவிட்டார். லோஞ்ச் கண்ணுக்கு மறையுற வரைக்கும் இறங்குதுறையில நிப்பார். பயம் இல்லாம இல்ல. பயத்தோடதான் விட்டார். அந்தத் தையலாலதான் உங்கட மாமா மவுத்தான பிறகு பிள்ளைகளை வளர்த்தேன். விடுங்க மகன், புள்ள போகட்டும்."

வாப்பா நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி மாமி" என்றார்.

கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தில்தான் முடிகிறது. எங்கள் வீடு அந்த வீதியோரத்தில்தான் இருக்கிறது. இத்தனை நாளும் நான் அதை யோசித்ததில்லை. ராத்தாவை பஸ்ஸில் ஏற்ற வாப்பாவும் நானும் போனோம். வாப்பா பெட்டியை வைத்தார், ஜன்னலோர ஆசனத்தைச் சரிபார்த்தார், தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார், இறங்கினார், மறுபடி ஏறி இன்னொரு தரம் ஆசனத்தைச் சரிபார்த்தார். பஸ் நகர்ந்தபோது அவர் வாய் "பிஸ்மில்லாஹ்" என்றது. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூதூர் இறங்குதுறையில் நின்ற, நான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பூட்டனாரை எனக்கு நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உம்மம்மா கேட்டார்: "லோஞ்ச் போயிட்டா, மகள்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "போயிட்டு, உம்மம்மா" என்றேன்.

மறுநாள் அலுமாரியைத் திறந்து எங்கள் சஞ்சிகையை எடுத்தேன். இப்போது அது தரம் எட்டு மாணவிகளிடம் இருக்கிறது. ஒரு மூலை மடிந்திருப்பதாகவும் பதினோராம் பக்கத்தில் தேநீர்க் கறை பட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டாவது இதழுக்கு அவர்களில் இருவர் கவிதை தந்திருக்கிறார்கள்.