விமானத்தின் சட்டை

புஷ்பக விமானம் குபேரனுடையது, அதை ராவணன் பறித்துக்கொண்டான் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அதே பெயரில் பெங்களூரில் ஒரு சின்ன விமானம் செய்தார்கள் என்பதை நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1958-ல் முதன்முதலாகப் பறந்ததாம். இரண்டு பேர் உட்காரலாம். 90 குதிரைசக்தி இயந்திரம். உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி. ஆமாம், துணிதான்!

நண்பரிடம் அப்படியொரு பழைய விமானம் இருந்தது. "பெயிண்ட் வேலை முடியட்டும், முதல் சவாரி உனக்குத்தான்" என்றார். தப்பிக்க வழி தெரியாமல் வேடிக்கை பார்க்கப் போனேன்.

வயதான மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்தார். பழைய வண்ணத்தின் மேலேயே புதிது பூசினால் கனம் ஏறிக்கொண்டே போகும், அதனால் எடுக்க வேண்டும் என்றார். கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரைத் தொடவில்லை. தின்னரில் நனைத்த கந்தையைக் கொஞ்ச இடத்தில் போட்டு, பூச்சு இளகியதும் மரத்தகட்டால் மெல்ல வழித்தார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால், இறக்கையின் விலா மேடுகளில் நூல் அறுந்துவிடுமாம். பக்கத்தில் ஒருவரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. துணியை விறைப்பாக்கும் 'டோப்' என்ற பூச்சு அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்குமாம்.

இறக்கையின் மேற்புறத்தில் வண்ணம் போனதும் அவர் கை நின்றது.

"வெள்ளிப்பூச்சைக் காணோமே, சார்."

வண்ணத்துக்கு அடியில் அலுமினியப் பொடி கலந்த பூச்சு இருக்க வேண்டும். வெயில் துணியை அரிக்காமல் காப்பது அதுதான். முன்பு யாரோ அழகு பார்க்கிறேன் என்று அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். மெக்கானிக் சோதனைக் கருவியின் முனையை வைத்து அழுத்தினார். அப்பளம் போலப் பொத்துக்கொண்டது.

"கீழ்ப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா?" என்றார் நண்பர், பரிதாபமாக.

"கீழ்ப்பக்கம் வெயில் பட்டதில்லையே, சார்."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. புதுத் துணி என்றால் பணம், மாதக்கணக்கில் வேலை. வண்ணத்தை மட்டும் பூசிப் பறந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அந்த எண்ணம் அவர் முகத்தில் வந்துபோனதை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார். முதல் சவாரி எனக்கல்லவா?

"கிழித்துவிடுங்கள், ஐயா" என்றார்.

மறு வருஷம் புதுத் துணியை விரலால் சுண்டிப் பார்த்தேன். மிருதங்கம் போல 'தொம்' என்றது. அதன் பிறகுதான் ஏறி உட்கார்ந்தேன்.