கோலை எறிந்தவர்

திருமுல்லைவாயில்

அன்புள்ள அண்ணா,

இரண்டாவது ஆபரேஷனும் கைகொடுக்கவில்லை என்று அண்ணி போனில் சொன்னார்கள். தழும்பு வளர்ந்து விழித்திரையை மறுபடி இழுத்துவிட்டதாம். சிலிகான் எண்ணெய் வைத்து, இராப்பகலாகக் குப்புறப் படுத்துக் கிடந்தாயே, அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நீ திருநீறு பூசுவதையும் விட்டுவிட்டாய் என்றார்கள்.

அதற்காக யாரும் உன்னைக் குறை சொல்ல வேண்டாம். பௌர்ணமி வெள்ளியில் மூன்று அம்மனையும் பார்ப்பதாக வேண்டிக்கொண்டு நீ போகாததுதான் காரணம் என்று சித்தி சொன்னாளாம். மேலூர், திருவொற்றியூர், முல்லைவாயில் என்று ஒரே நாளில் ஏறி இறங்காததற்குக் கண்ணைப் பறிக்கிறவளா நம் கொடியிடை நாயகி?

சுந்தரர் கதையையும் இழுப்பார்கள். அவர் தம் மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. நீ எதை மீறினாய்? உன் விழித்திரை கிழிந்தது, அவ்வளவுதான். கண் போன பிறகு சுந்தரர் நடந்த வழியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊருக்கு வந்து பாடினார், பார்வை வரவில்லை. வெண்பாக்கத்தில் சிவனிடம், கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், போய்வா என்று பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! கோபத்தில் அவர் அதை வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். பூண்டி ஏரிக்காக அந்தப் பழைய கோயிலை விட்டு சாமியை இடம் மாற்றியபோது கொம்பு ஒடிந்த நந்தியும் கூடவே வந்தது. கோலை எறிந்தவர் பாட்டைத்தான் தேவாரத்தில் வைத்துக் கும்பிடுகிறோம். நீயும் திட்டு, அண்ணா. பூசை அறையில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டு. நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

நம் மாசிலாமணி ஈசுவரரே தொண்டைமான் மன்னனின் வாளால் வெட்டுப்பட்டவர். வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில்தான் களைவார்கள். அந்தக் காயம் மறைந்ததாக எந்தக் கதையும் கிடையாது. அவர் முன்னால் போய் நிற்க உனக்கென்ன தயக்கம்?

சுந்தரருக்குக் காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. உனக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நான் எழுதமாட்டேன். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். ஒரு கண்ணில் கிழிந்தவர்களுக்கு மறு கண்ணிலும் வரலாம் என்பதால், அவர் சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்டு. மின்னல் வெட்டுவதுபோலவோ, கரும்புள்ளிகள் திடீரென்று மிதப்பதுபோலவோ தெரிந்தால் அன்றைக்கே ஓடு. படியில் ஆழம் பிடிபடாது, கைப்பிடியை விடாதே. டாக்டர் சம்மதிக்கும்வரை வண்டிச் சாவி அண்ணியிடமே இருக்கட்டும்.

உன் தங்கை