இரண்டு குடம் தண்ணீரும் ஒரு நாற்காலியும்

அருப்புக்கோட்டையில் நான் போகும் ஜிம்மில் வருடா வருடம் பொங்கலை ஒட்டி ஒரு போட்டி வைப்பார்கள். இளவட்டங்களுக்கு பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட், தண்டால் என்று நாள் முழுக்க நடக்கும். இந்த வருடம் 60 வயது தாண்டியவர்களுக்கும் தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள். உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, யாரும் வரலாம். ஒன்பது பேர் பெயர் கொடுத்தோம். எனக்கு 71 வயது.

பென்ஷன் வாங்குகிறவனுக்கு ஜிம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் தரையிலிருந்து எழுந்திரிக்க முடியவில்லை. வாளியைக் கவிழ்த்து, அதில் கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கக் கால்மணி நேரம் ஆயிற்று. மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து மகன் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பி வந்துருங்கப்பா." அவன் சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். எனக்குத் திருச்சுழி போகும் சாலையில் இரண்டு ஏக்கர் கரிசல் இருக்கிறது. மழை பெய்த வருடம் மல்லி, இல்லையென்றால் குதிரைவாலி. அதைப் பார்க்காமல் பால்கனியில் உட்கார்ந்து என்ன செய்வது?

டாக்டர் சொன்னது இதுதான்: வயது ஏற ஏறத் தசை கரைகிறது, அதற்கு சார்கோபீனியா என்று பெயர், நடைப்பயிற்சி மட்டும் அதைத் தடுத்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சி, அதோடு தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி இரண்டு நாளாவது. 65 தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் செய்ய வேண்டுமாம். நம் வயதுக்காரர்கள் காலையில் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜிம்மில் பயிற்சி தரும் தம்பிக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். முதல் நாள் இரும்பு எதையும் தொட விடவில்லை. கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைப் போட்டார். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறோம் என்பதுதான் சோதனை. வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு. என் வயது ஆண்கள் 12-க்குக் கீழே போனால், விழுகிற வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. நான் ஏழு தடவை எழுந்தேன். எட்டாவதுக்குத் தொடை மறுத்துவிட்டது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஜிம் வருமுன் இதற்கெல்லாம் இளவட்டக்கல்தான். எங்கள் ஊர் மந்தையிலும் ஒன்று கிடந்தது. வழவழவென்று உருண்டையாக இருக்கும், பிடிக்க ஒரு பிடி கிடையாது. குத்தவைத்து, கல்லை அணைத்துத் தொடைக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் போட வேண்டும். தூக்கினவனுக்குத்தான் பெண் என்று பேச்சு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இந்தப் போட்டி நடக்கிறது. அங்கே 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கல் உண்டு. பெண்களும் தூக்குகிறார்கள். எங்கள் ஊர்க் கல், ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது அதன் மேல் ஆடு ஏறி நிற்கிறது.

போட்டிக்கு வருகிறேன். எங்களுக்கு மூன்று சுற்று. நாற்காலி ஒன்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது ஒன்று. மூன்றாவது, கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து 40 மீட்டர் நடப்பது. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து முப்பது கிலோ. வறண்ட பூமியில் இதைப் போட்டி என்று சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். என் அம்மா தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக ஊருணியிலிருந்து நடந்தே வருவாள், கோடையில் நாளைக்கு நாலு நடை. அதற்கு யார் கோப்பை கொடுத்தார்கள்?

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போட்டி. மகன் லீவு போட்டு முதல் நாளே வந்திருந்தான். "இந்த வயசுல என்னத்துக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டேதான் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். கடைசி வரிசையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

நாற்காலியில் 14. குடம் சுமந்ததில் மூன்றாவதாக வந்தேன், வேட்டியெல்லாம் ஈரம். தரையிலிருந்து எழும்போதுதான் வலது முட்டி 'டொக்' என்றது. கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் மகன் எழுந்து நின்றுவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். தொடையில் ஒரு கையை அழுத்தி எழுந்துவிட்டேன். கை வைத்ததற்கு மதிப்பெண் குறைத்தார்கள், நியாயம்தான். மொத்தத்தில் நான்காம் இடம்.

முதல் பரிசு வாங்கியவர் 68 வயது நெசவாளி. ஜிம் வாசலையே மிதிக்காதவர், பேரனைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர். நாற்காலியில் 19 தடவை எழுந்தார். குழித்தறியில் காலை விட்டு, மிதிகட்டையை ஐம்பது வருடம் மாறி மாறி மிதித்த கால். நானும் 34 வருடம் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன், ஆனால் என் மேஜைக்கு அடியில் மிதிகட்டை இல்லை.

வீடு வரும்வரை மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை டவுனுக்குப் போய் இரண்டு ஸ்டீல் கைப்பிடி வாங்கிவந்தான். பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான்.

"அப்பா, எந்த உயரத்துல வைக்கணும்? கையை நீட்டிக் காட்டுங்க."

காட்டினேன். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே, "சென்னைப் பேச்சைச் சித்திரையில பேசிக்கலாம்" என்றான்.