பாலத்துக்கு அடியில் ஒரு நர்மதை

மும்பையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிம்மதியாக நடக்க முடியுமா? மாதுங்காவில் முடியும். ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலுக்கு வந்தால் மல்லிகை மணம் வழிகாட்டும். பூக்கடை, வாழையிலை, அப்பளம் என்று தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை. பண்டார்கர் சாலை வழியே கிங்ஸ் சர்க்கிளை அடைவதற்குள் குழந்தைகள் இட்லி கேட்பார்கள். வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

அடுத்தது அதிசயம். அம்பேத்கர் சாலை மேம்பாலத்துக்கு அடியில், நர்மதையின் வளைவுகளை ஒத்த சுமார் 600 மீட்டர் நடைபாதை. தலைக்கு மேல் லாரிகள், இருபுறமும் பஸ்கள். நடுவே செடிகொடிகள், தாத்தாக்கள், மூன்றுசக்கர சைக்கிள்கள். பாலம் வந்த புதிதில் இந்த இடத்தை வாகனங்களும் குப்பையும் ஆக்கிரமிக்கப் பார்த்தன. குடியிருப்போர் விடவில்லை. காவலாட்களை அமர்த்தினார்கள், மாநகராட்சியை நச்சரித்தார்கள். 2016இல் பூங்கா திறந்தது. ஒரே குறை, உள்ளே போக பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும். குழந்தையோடு அது லேசான காரியமல்ல.

கிழக்கே திரும்பினால் பார்சி காலனியின் ஐந்து தோட்டங்கள். 1896 பிளேக்கில் நகரம் நடுங்கியபின், நெரிசலைக் குறைக்க வெள்ளையர் அரசு திட்டமிட்ட புறநகர் இது. அகலமான தெரு, உயரம் குறைந்த கட்டடங்கள், வரிசையாக மரங்கள். ஒரு தலைமுறைக்குத் திட்டத்தில் கிடைத்த பசுமையை அடுத்த தலைமுறை பாலத்தடியில் போராடிப் பெற வேண்டியிருந்தது. மாலையில் புல்வெளியில் கிரிக்கெட் பந்து பறக்கும். பெஞ்சில் உட்காருபவர்கள் ஜாக்கிரதை.